மேல்தாளை எண்ணுவதில்லை

1

பேச்சிமுத்து மச்சான்! நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நாரணாபுரத்தில் அக்கா உங்களுக்குத் திதி கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள். இங்கே கேம்ப்பில் உங்கள் கட்டிலில் வேறொருத்தன் படுத்திருக்கிறான். நீங்கள் சுவரில் ஒட்டி வைத்த மாரியம்மன் காலண்டர் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு கார் படத்தை ஒட்டியிருக்கிறான். கார் அவனுடையது இல்லை, அவனால் வாங்கவும் முடியாது. இருந்தாலும் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறான்.

படிக்கிறவர்களுக்கு யார் எவர் என்று தெரியாது. என் பெயர் மாரி. ஆமத்தூர்க்காரன். எட்டாவதோடு நின்றுவிட்டு, சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பைண்டிங் செக்ஷனில் ஏழு வருடம் இருந்தேன். பேச்சிமுத்து என் அக்கா முத்துலட்சுமியின் வீட்டுக்காரர். அவர்தான் முதலில் வளைகுடாப் பக்கம் வந்தார், பிறகு என்னையும் இழுத்துக்கொண்டார். அவருக்குக் குளிர்க்கிடங்கில் லோடு இறக்குகிற வேலை. அதே கம்பெனி ஸ்டோர் ஆபீஸில் எனக்கு எடுபிடி வேலை. போன வருடம் தீபாவளி சீசன் நேரத்தில், பட்டப்பகலில், நெஞ்சு வலி வந்து கிடங்குக்குள்ளேயே விழுந்து இறந்தார். வயது முப்பத்து மூன்று.

கம்பெனி அக்காவுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நல்ல தாள், நல்ல முத்திரை. அதில் ஒரு வரி. தனக்கு உடம்பு சரியில்லை என்றோ, விடுப்பு வேண்டும் என்றோ அவர் யாருக்கும் தெரிவிக்கவில்லை. அக்கா அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். அவள் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் காலையில் வேன் வருவதற்கு முன்னால்தான் பேசுவாள். ஒரு வருடமாக ஒரே கேள்விதான்.

"ஏலே மாரி, அவுக யார்ட்டயாவது சொன்னாகளா, சொல்லலையா?"

"தெரியலக்கா."

"சொல்லாமலே போனாகன்னா எங்க நெனப்பே இல்லாமத்தான போயிருக்காக? நானும் பிள்ளையும் இங்கன இருக்கம்னு ஒரு எண்ணம் இருந்தா வாயத் தெறந்திருக்க மாட்டாகளா?"

மச்சான் போட்டோவை அவள் சுவரில் மாட்டவில்லை. பிரேம் போட்டு வந்ததைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கேட்டவர்களிடம், "சொல்லாமப் போனவுகளுக்கு மால எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அனுபவம் எழுதி அனுப்புங்கள் என்று உங்கள் பத்திரிகையில் கேட்டிருந்தீர்கள். போன தடவை ஒருத்தர் உயரமான கட்டடத்தைப் பார்த்து வியந்து நாலு பக்கம் எழுதியிருந்தார். கட்டடம் உயரமாகத்தான் இருக்கும். அதன் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைக்கிறவன் சாத்தூர்க்காரன், அவனை எழுதவில்லை. நான் எழுதுவதில் வியப்பு எதுவும் இல்லை. நிறைய பேரைத் திட்டப்போகிறேன். கடைசியில் திட்டு வாங்க யார் மிச்சம் என்று பாருங்கள்.

2

எங்கள் கம்பெனியில் வாயால் சொன்னால் எதுவும் செல்லாது. லீவு வேண்டுமா, கையுறை கிழிந்துவிட்டதா, வயிற்றுப்போக்கா, எல்லாவற்றையும் நாங்கள் தங்குகிற கேம்ப்பின் கவுண்டரில் இருக்கிற கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். அது நாம் பார்க்கிற கம்ப்யூட்டர் இல்லை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, என்னை விட வயதில் மூத்தது. அதைப் போட்டுக் கொடுத்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. புதுசு வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. நாலு நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து குளிருக்குள் தள்ளத் தெரிந்தவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் மாற்றத் தெரியவில்லை.

ஒவ்வொரு போர்மேனுக்கும், ஆபீஸ் ஆளுக்கும் அதில் ஒரு தபால் பெட்டி உண்டு. அவர் உள்ளே நுழைந்ததும் மேலே ஒரு எண் வரும். 'உங்களுக்கு ஐந்து புதுச் செய்தி' என்கிற மாதிரி. அந்த எண்தான் எப்போதும் தப்பு. ஏழு என்று காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. பூஜ்யம் என்று காட்டும், திறந்தால் மூன்று பேர் லீவு கேட்டிருப்பார்கள்.

கிடங்கு போர்மேன் ஞானையா அண்ணாச்சி. நாசரேத் பக்கம். மச்சானுக்கு மேலாள் அவர்தான். அவர் அந்த எண்ணை மதித்ததே கிடையாது.

"நம்பரா? அது எலெக்சன் வாக்குறுதில்லா. காதுல வாங்கிக்கிட்டு நம்ம சோலியப் பாக்கணும்" என்பார். எண் என்ன சொன்னாலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவார். எல்லாப் போர்மேனும் அப்படித்தான். தப்பு என்று தெரிந்த தப்பால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மானேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. தலைமை ஆபீஸிலிருந்து வந்த பெரிய மனுஷன் முன்னால் அவர் பெட்டி நாற்பது செய்தி என்று காட்டியது, திறந்தால் வெறும் பெட்டி. மானம் போய்விட்டதாம். கிடங்கில் மூன்று மாதமாகக் கதவு ரப்பர் சீல் வழியாகக் குளிர் ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்குப் போகாத மானம்.

எங்கேயோ இருக்கிற ஒரு பழைய ஆளைப் போனில் பிடித்துக் கேட்டார்கள். அவன் சொன்னது எனக்கே புரிந்தது. பெட்டியில் இருக்கிற செய்தியைப் பார்த்து அந்த எண் வருவதில்லை. அது தனியாக ஒவ்வொருத்தர் பெயருக்கும் எழுதி வைத்திருக்கிற எண். செய்தி வந்தால் ஒன்று கூடும், படித்தால் ஒன்று குறையும். நடுவில் கரண்ட் போனால் இரண்டும் பிரிந்துவிடும். ஒவ்வொரு பெட்டியிலும் படிக்காத செய்தி எத்தனை என்று பிரிண்ட் எடுத்து, எண்ணி, சரியான எண்ணைக் கையால் அடித்துவிட்டால் போதும்.

இருநூற்றுச் சொச்சம் பெட்டி. படித்தவன் எவனும் தொடத் தயாராக இல்லை. ஒருத்தனுக்குக் கழுத்து வலி, ஒருத்தனுக்கு மீட்டிங். மீட்டிங் என்றால் ஏசி ரூமில் டீ குடிப்பது. அப்போது என் பெயரைச் சொன்னவர் ஞானையா அண்ணாச்சி.

"நம்ம மாரிய விடுங்க சார். சிவகாசிப் பய. தாளத் தொட்டாலே எம்புட்டுன்னு சொல்லிருவான்."

அன்றைக்குச் சாப்பிடும்போது மச்சான் என்னைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க ஆபீசர்! இனிமே உங்ககிட்ட மனுப் போட்டுத்தான் சோறு திங்கணுமோ?"

"உக்காருங்க மச்சான். எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும்லே. நம்ம குடும்பத்துல மொத ஆபீசர்." சிரித்துக்கொண்டே இடது கையால் நெஞ்சைத் தேய்த்தார். என்ன என்று கேட்டேன். "கேஸ்டா மாப்ளே. அந்தப் பருப்பு செய்யுத வேல."

நானும் நம்பினேன். பருப்பு அப்படித்தான் இருக்கும்.

3

காலண்டர் கம்பெனியில் எண்ணுவது எப்படி என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டின் மூலையை விசிறி மாதிரி விரித்து, விரல் விட்டு, அஞ்சஞ்சாக ஓட்ட வேண்டும். இரண்டு சட்டம். ஒன்று, எண்ணும்போது படிக்கக் கூடாது. தாளில் முருகன் இருக்கிறாரா நடிகை இருக்கிறாளா என்று கண் போனால் எண்ணிக்கை தவறிவிடும். இரண்டு, மேல்தாளை எண்ணக் கூடாது. கயிறு அறுக்காமல், அழுக்குப் படாமல் இருக்க ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஒரு வேஸ்ட் தாள் கிடக்கும். அது கணக்கில் சேராது. அதைச் சேர்த்து எண்ணினவன் பார்ட்டிக்கு ஒரு தாள் குறைவாக அனுப்பிவிடுவான், செக்ஷனே அவனை நாறடித்துவிடும். ஏழு வருடம். என் விரல் முதல் தாளைத் தானாகவே தாண்டிவிடும். மூளையைக் கேட்காது.

பிரிண்டர் கரகரவென்று கத்திக்கொண்டு, ஓரத்தில் ஓட்டை போட்ட தாளாகத் தள்ளியது. ஒரு பெட்டிக்கு ஒரு தாள், பெட்டி வரிசைப்படி. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி. அனுப்பியவன் நம்பர், தேதி, நேரம், முதல் இரண்டு வார்த்தை. வரி இருந்த எல்லாத் தாளிலும் முதல் வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம் இருந்தது. சரி, தலைப்பு, மேல்தாள் என்று தாண்டி, இரண்டாவது வரியிலிருந்து எண்ணினேன். யாரையும் கேட்கவில்லை. யாரைக் கேட்பது? கேட்டால் எட்டாங்கிளாஸ் என்று சிரிப்பான்கள். சில தாள் ஒரு வரி கூட இல்லாமல் வெள்ளையாக வந்தது. வேலையை விட்டு ஊருக்குப் போனவர்கள் பெட்டி என்று வைத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் முடித்தேன். ஒரு வரியைக் கூடப் படிக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை.

மானேஜர் நோட்டீஸ் ஒட்டினார். 'செய்தி எண்ணிக்கை சரி செய்யப்பட்டுவிட்டது. இனி எண்ணைப் பார்த்தால் போதும். தேவையில்லாமல் பெட்டியைத் திறந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.' நான் அதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் நாரணாபுரத்தில் வேனில் வருகிற அத்தனை பேருக்கும் காட்டினாள்.

நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள் மச்சான் விழுந்தார்.

4

மானேஜர் என்னைக் கூப்பிட்டு இந்தியில் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பேசத் தெரிந்த இந்தி இவ்வளவுதான். எது சொன்னாலும் 'அச்சா சார்'. உன் மச்சான் இறந்துவிட்டார் என்றார். "அச்சா சார்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கேவலம் இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு பேப்பர். உயிரோடு வந்தபோது மூன்று பேப்பரில் வந்தவர், சவப்பெட்டியில் போக எத்தனை கையெழுத்து என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு இடத்தில் பெயரைத் தப்பாக அடித்து, அதைத் திருத்த மறுபடி முதல் ஜன்னலுக்கு அனுப்பினார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன் பல் குத்திக்கொண்டே, "இறந்தவரை வந்து கையெழுத்துப் போடச் சொல்" என்றான். பழக்கத்தில் சொன்னான். பிறகு பல் குத்துவதை நிறுத்தினான்.

நம்ம ஆட்கள் என்று ஒரு சங்கம் இருக்கிறது. இரங்கல் கூட்டம் போட்டார்கள். மச்சான் படத்தைப் புரொஜெக்டரில் சுவரில் பெரிதாகக் காட்டி, கீழே 'பேச்சிமுத்தம்மாள்' என்று போட்டிருந்தார்கள். தலைவர் தமிழர் ஒற்றுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் மகள், பத்து வயது இருக்கும், அப்பா பேசுவது புரியாமல் பக்கத்துப் பிள்ளையிடம் இங்கிலீஷில், இது யார் பிறந்தநாள் என்று கேட்டது. பிள்ளை மேல் தப்பில்லை. கேக் இருக்கும் என்று நினைத்திருக்கிறது.

ஆனால் என் கோபம் முழுவதும் ஒரே ஆள் மேல்தான் இருந்தது. கேம்ப் கவுண்டரில் இருக்கிற வங்காளி, மச்சான் ஒரு நாள் காலையில் வந்து வெகுநேரம் எதையோ அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். என்ன அடித்தார் என்று தெரியாது. அவ்வளவு போதும் எனக்கு. நேராக ஞானையா அண்ணாச்சியிடம் போனேன்.

"மச்சான் லீவு கேட்டாகளா இல்லையா?"

"எனக்கு வரலலே. நான் அந்த வாரம் துறைமுக யார்டுல கெடந்தேன். அங்க இருந்துதான் பெட்டியப் பாத்தேன். பூஜ்யம்னு போட்டிருந்துச்சு."

"பொய் சொல்லாதீக."

"எம்மக சத்தியமா, பூஜ்யம்லே."

"பூஜ்யம்னா நீங்கதான்யா பூஜ்யம்! மனுசனாய்யா நீங்க?"

எல்லாரும் பார்க்க அவர் காலடியில் காறித் துப்பினேன். மானேஜருக்கு ஒரு தலை தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. அவரே பெட்டி எண்ணைப் பார்த்தார். பூஜ்யம். திறந்து பார்க்கவில்லை, எண் சரி என்று நோட்டீஸ் ஒட்டியவரே அவர்தானே. விடுப்புக் கேட்கவில்லை என்று அக்காவுக்குக் கடிதம் போட்டார். ஆட்களைச் சரியாக மேய்க்கத் தெரியவில்லை என்று அண்ணாச்சியைப் போர்மேன் வேலையிலிருந்து இறக்கி கேட்டில் உட்கார வைத்தார். அவர் பெட்டியையும் மூடிவிட்டார்கள்.

ஒரு வருடம் அந்தக் கேட் வழியாகத்தான் போனேன், வந்தேன். ஒவ்வொரு தடவையும் துப்பினேன். ஊருக்கும் சொன்னேன். நாசரேத்தில் இருக்கிற அவர் வீடு வரைக்கும் சேதி போகும்படி சொன்னேன். அவர் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது என்று நினைத்தேன்.

5

இந்த வருடம்தான் முதலாளிக்கு மனசு வந்தது. புது சிஸ்டம் போட வித்யா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், கோயம்புத்தூர்க்காரி. பழைய பெட்டிகளைப் பார்த்து, தேவையானதை எடுத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும். தாள் எடுத்துக் கொடுக்க என்னை விட்டார்கள். மூன்று மொழியில் போன் பேசுவாள், என் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். படித்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

திதிக்கு ஒரு வாரம் இருந்தபோது, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, இந்த நம்பரெல்லாம் யாருங்க அடிச்சது?"

"நாந்தாங்க." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

"நீங்க அடிச்ச அன்னைக்கு இருந்ததையும் பெட்டியையும் ஒத்துப் பாத்தனுங்க. எல்லாத்துலயும் கரெக்டா ஒண்ணு கொறையுதுங்க. மெஷின் கோளாறுன்னா இப்படி ஒரே மாதிரி கொறையாதுங்க. மனுசன்தான் செஞ்சிருக்கோணும்."

"ஒண்ணும் கொறையல. மொத வரிய விட்டுத்தான் எண்ணணும்."

"ஏனுங்க?"

"அது மேல்தாள்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "மேல்தாளா? அது கடைசியா வந்த லெட்டருங்க. புதுசா வந்ததை மேல போட்டு ஸ்டார் வெச்சுக் காட்டும். வெறும் பெட்டின்னா ஒரு வரியும் வராதுங்க, வெள்ளத் தாள்தான் வரும்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்திருப்பாள், சமாதானம் சொன்னாள். "பரவால்ல விடுங்க. நாலு இருக்கற பெட்டியில மூணுன்னு போட்டா என்ன, தொறந்து நாலையும் படிச்சுட்டுப் போயிருப்பாங்க."

"ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா?"

"பூஜ்யம்னு காட்டும். தொறந்திருக்க மாட்டாங்க."

ஞானையா அண்ணாச்சி பெட்டியைத் திறக்கச் சொன்னேன். மூடிய பெட்டி, அதனால் கொஞ்ச நேரம் ஆனது. ஒரே ஒரு செய்தி. நட்சத்திரத்தோடு. யாரும் படிக்காதது. நான் எண்ணி முடித்த கடைசி நாள் காலையில், அந்தத் தாள் என் கைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பியது. மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டியிருந்தார். வித்யா வாய்விட்டுப் படித்தாள்.

'அண்ணாச்சி வணக்கம். ரெண்டு நாளா நெஞ்சு வலிக்கு. இடது கை இழுக்கு. நாளைக்கு லீவு தாங்க, ஆஸ்பத்திரி போகணும். பயமா இருக்கு, பிள்ளை சின்னது. மச்சினன் ஸ்டோர்ல இருக்கான், அவன்ட்ட சொல்லாதீக. அக்காகிட்ட சொல்லிருவான். அவ சீசன் வேலையில இருக்கா, வெடிமருந்துக்குள்ள கை இருக்கும்போது மனசு அலையக் கூடாது. பேச்சிமுத்து.'

"யாருங்க, தெரிஞ்சவங்களா?" என்று வித்யா கேட்டாள்.

"என் மச்சான்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

எண்ணிய அன்றைக்கு அந்தத் தாள் என் கையில் இருந்தது. முதல் வரியில் அவர் நம்பர் இருந்தது, தினமும் அவர் சட்டையில் பார்க்கிற நம்பர். நேரம் இருந்தது. 'அண்ணாச்சி வணக்கம்' என்று இரண்டு வார்த்தையும் இருந்திருக்கும். அண்ணாச்சி என்று எழுதுகிற ஆள் அந்தக் கிடங்கில் எத்தனை பேர்? படித்திருந்தால் தெரிந்திருக்கும். எண்ணும்போது படிக்கக் கூடாது. நான் படிக்கவில்லை. பூஜ்யம் என்று அடித்தேன்.

இந்த ஒரு வருடத்தில் கற்ற அரைகுறை இந்தியோடு மானேஜரிடம் போனேன். புதுக் கடிதம் கொடுங்கள், அவர் விடுப்புக் கேட்டார் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ரொம்ப அன்பாகப் பேசினார். "அடுத்த வாரம் அந்தப் பெட்டியெல்லாம் அழிந்துவிடும். யாருக்கும் தெரியாது. நீயே ஏன் உன் கழுத்தில் கயிறு மாட்டிக்கொள்கிறாய்?" என்றார். அந்த அன்பு எனக்கு அசிங்கமாக இருந்தது. அதில் பாதி எனக்கும் பிடித்திருந்தது, அதுதான் பெரிய அசிங்கம். உண்மையைச் சொன்னால், ஒரு மத்தியானம் முழுவதும் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வித்யா என் மேஜை மேல் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அந்தச் செய்தியின் பிரிண்ட். திமிர் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

6

கேட்டில் அண்ணாச்சி ரிஜிஸ்டரில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி."

அவர் என் வாயைப் பார்த்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். துப்பப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேல்தாள் கதையை நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்பம் பூஜ்யம்னுதானலே போட்டிருந்துச்சு?"

"ஆமா அண்ணாச்சி. நாந்தான் அடிச்சேன்."

"அதத்தானலே அன்னிக்கும் சொன்னேன்."

காலில் விழலாம் என்று குனிந்தேன். "ஏ, எந்தி! லாரிக்காரன் பாக்கான்" என்று அதட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் எப்பவும் போலத் தெறந்து பாத்திருக்கணும். நீ எண்ணுனேன்னுதாம்லே தெறக்கல. வேற எந்தப் பய எண்ணிருந்தாலும் நம்பிருக்க மாட்டேன்."

இதற்கு அவர் என் மூஞ்சியில் துப்பியிருக்கலாம்.

"நீ துப்புனதெல்லாம் அன்னன்னைக்குக் காஞ்சு போச்சு, அத விடு. எம் பொண்டாட்டி நம்பலலே. பைபிள் மேல கைய வச்சுச் சொல்லுங்கன்னா. வச்சுச் சொன்னேன். அப்பவும், அந்தப் பிள்ள எதுக்குப் பொய் சொல்லப் போவுதுன்னு கேட்டா. ஒரு வருசமா எங்கிட்ட சாப்ட்டீகளான்னு கேக்கல அவ. இந்தா, பேசு. இப்பமே பேசு."

அவரே நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தார். பேசினேன். அந்த அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அவர்ட்ட குடுங்க தம்பி" என்றார். அண்ணாச்சி போனை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். "ம்... சாப்ட்டேன்... ம், சாப்ட்டேன்ட்டி" என்று மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"சீக்கிரம் சொல்லுலே, வேன் வந்துரும்."

"அக்கா, மச்சான் சொல்லியிருக்காக."

அந்தப் பக்கம் பெண்கள் பேச்சுச் சத்தம், ஒரு பைக் சத்தம்.

"யார்ட்ட?"

படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னாள். 'அக்காகிட்ட சொல்லிருவான்' என்ற இடத்தில், "ஆமா, நீ சொல்லித்தான் இருப்ப, ஓட்ட வாய்" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. 'மனசு அலையக் கூடாது' என்ற இடத்தில், "இந்த மனுசன் கிறுக்கு" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு, அவர் உயிரோடு இருந்தபோது திட்டுவது போலத் திட்டினாள். அதுவரைக்கும் அவள் திட்டியது வேறு திட்டு.

"பெறகு ஏம்லே ஒருத்தரும் பாக்கல?"

சொன்னேன். மானேஜருக்கும் அண்ணாச்சிக்கும் விளக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அக்காவுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அதே செக்ஷனில் எண்ணியவள்தானே.

"மேல்தாள்னு விட்டுட்டியா?"

"ஆமாக்கா."

வேன் ஹாரன் அடித்தது. "ஏ முத்துலட்சுமி, வாரியா இல்லையா?" என்று யாரோ கத்தினார்கள்.

"சாயந்தரம் பேசுதேன்" என்றாள்.

சாயந்தரம் பேசவில்லை. மறுநாளும் இல்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஐந்தாம் நாள் போனில் ஒரு படம் வந்தது. வீட்டுச் சுவர். மச்சான் போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறாள். சந்தனப் பொட்டு, கதம்ப மாலை. கீழே கம்பெனி கொடுத்த கடிதம் சுருட்டிக் கிடக்கிறது, ஊதுபத்தி கொளுத்தி அதன் மேல் சாம்பல் விழ வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. ஒரு எழுத்துக் கூட இல்லை.

அது நியாயம்தான். மானேஜரைத் திட்டினேன், சங்கத்தைத் திட்டினேன், ஜன்னல்காரனைத் திட்டினேன், கட்டிலில் படுத்திருக்கிற கார்க்காரனைக் கூட விடவில்லை. அவனவன் அவனவன் அளவுக்கு மட்டமான ஆள்தான், மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் பூஜ்யம் என்று அடித்த விரல் இதுதான். இப்போது இதை எழுதுகிறதும் இதுதான்.

மச்சான், நீங்கள் சொன்னீர்கள். சரியான ஆளிடம், சரியான நேரத்தில், வணக்கம் போட்டுச் சொன்னீர்கள். அதை ஊரறியச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சாமி எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, வேனில் போகிறவர்கள் வேனிலேயே கண்ணை மூடினாலும் சரி, நாரணாபுரம் பேச்சிமுத்து என்று பெயரைச் சொல்லி அவருக்காக ஒரு நிமிடம் கும்பிடுங்கள். கும்பிட்டேன் என்று எனக்குச் சேதி அனுப்ப வேண்டாம். எத்தனை பேர் என்று நான் எண்ண மாட்டேன்.